கை தூக்காத ஞாயிறு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கண்ணால் காணாத ஒன்றுக்கு எப்படிச் சாட்சி சொல்வது என்று தயங்க வேண்டாம். முதலில் உங்கள் மூக்கைத்தான் விசாரிக்கப்போகிறேன். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை வருகிறதா? அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேட்டரின் மேல் காய்கின்ற கையுறைகளின் ஆவி, வாசலில் குவிந்த சப்பாத்துகளிலிருந்து, வீதியில் தூவிய உப்போடு உருகி ஓடும் சேற்றுத் தண்ணீர், சபையார் உட்காரும் மரவாங்குகளுக்குப் பூசிய மெழுகு, இவற்றுக்கெல்லாம் மேலாக எங்கள் அம்மாமாரின் கூந்தலிலிருந்து எழும் தேங்காயெண்ணெய் மணம், எல்லாம் ஒன்றாய்க் கலந்த அந்தக் காற்றை ஒருமுறை இழுத்து நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மார்ச் மாதம், மொன்றியலை விட்டுப்போக மனமில்லாத பனி நடைபாதை ஓரங்களில் கறுத்துக் கிடக்கும் பருவம். பார்க் எக்ஸ்டென்ஷன் என்னும் குடியிருப்பில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்கள் ஒரு காலத்தில் கட்டியெழுப்பிய, புரட்டஸ்தாந்துப் பிரிவான பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் ஒன்றின் உள்ளே இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். அங்கேதான், என் பதின்மூன்றாவது வயதில், ஒரு பெரிய விவாதத்தில் நான் வென்றேன். வென்ற சில நிமிடங்களுக்குள் தோற்றும் போனேன். அது எப்படி நடந்தது என்பதை முறைப்படி எடுத்துரைக்கிறேன். தீர்ப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச்சாளன். இதை அடக்கத்தோடு சொல்லும் பழக்கம் எனக்கு அன்றும் இருந்ததில்லை, முப்பதை நெருங்கும் இன்றும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப்போட்டிகளில் நான் வாங்கிய கிண்ணங்கள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் நெருக்கியடித்து நின்றன. மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், கண்ணைக் கடைசி வரிசையில் வைக்க வேண்டும், கேள்வியைக் கேட்டபின் சபை மனத்துக்குள் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பனவெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு தெரிந்ததுபோல எனக்குத் தெரிந்திருந்தன. அப்படிப்பட்ட ஒருவனுக்கு பிரெஸ்பிட்டேரியன் சபை என்பது கடவுள் பார்த்துக் கொடுத்த இடம் அல்லாமல் வேறென்ன? கம்பள விரிப்பின் நிறம் முதல் புதிய போதகரின் நியமனம்வரை அங்கே எல்லாமே பிரேரணையாக வரும். ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் ஆமோதிப்பார், ஆதரிப்பவர் எழுவார், எதிர்ப்பவர் எழுவார், பிறகு தலைவர் கை தூக்கச் சொல்வார். என் வயதுப் பையன்கள் சனி இரவு ஹொக்கி ஆட்டத்துக்குக் காத்திருந்ததுபோல நான் சபையோர் கூட்டத்துக்குக் காத்திருந்தேன்.

அந்தச் சபைக்கு நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கூரை போரில் போயிற்று. ஆட்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மொன்றியலில் வந்து இறங்கிய குடும்பங்கள் சில, மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த இந்தக் கல்லுக் கட்டடத்துக்குள் குளிருக்கு ஒதுங்கியவர்கள்போல நுழைந்து பின்வாங்கில் அமர்ந்தோம். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் நரைத்த தலைகள். பிள்ளைகளை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டு, பெரிய கட்டடத்தில் சிறிய கூட்டமாய், ஆளுக்கொரு வாங்கில் இடைவெளி விட்டு இருந்தவர்கள். முந்தைய ஆண்டு எங்கள் பெரியவர்கள் அனைவரும் பீடத்தின் முன் நின்று உறுதிமொழி சொல்லி முழு அங்கத்தவர்களாகச் சேர்ந்தார்கள். அதிலிருந்து ஞாயிறு காலை ஆராதனையில் பாதித் தலைகள் கறுப்பு, பாதித் தலைகள் வெள்ளை.

இனித் தபசுகாலத்துக்கு வருவோம். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாற்பது நாட்களை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். அந்த நாட்களின் வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும்வரை விரதம் இருந்து, மாலையில் எல்லாரும் கூடி, ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய பழைய கீர்த்தனைகளைப் பாடி, அதன்பின் கஞ்சி குடிப்பது ஊரிலிருந்து எங்களோடு கப்பலேறாமல், விமானம் ஏறி வந்த வழக்கம். பாட்டைத் தொடக்குபவர் என் அம்மா. பகல் முழுவதும் தையல் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு குனிந்திருக்கும் அவர், அந்தப் பாட்டைத் தொடங்கும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி உட்காருவார். குரல் முதல் அடியிலேயே வீட்டை நிரப்பிவிடும். அதுதான் தொல்லையாய் முடிந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடியில் ஒரு மனிதர், இரவு முழுக்கப் பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் வேலைசெய்பவர், மாலையில்தான் உறங்குவார். எங்கள் முதல் வெள்ளியிலேயே கீழிருந்து துடைப்பத் தும்புத்தடியால் கூரையைத் தட்டினார். இரண்டாம் பாட்டுக்கு மேலே ஏறி வந்து, "சில் வூ ப்ளே, மதாம்" என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. அவர்மேல் கோபப்பட யாராலும் முடியவில்லை. ஆனால் கட்டடச் சொந்தக்காரரால் கோபப்பட முடிந்தது: இன்னொருமுறை முறைப்பாடு வந்தால் வாடகை ஒப்பந்தம் முடியும் அடுத்த ஜூலையில் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மற்றக் குடும்பங்களின் வீடுகளும் இதேபோன்ற மெல்லிய பலகைத் தளங்கள்தான்.

"வாயை மூடிக்கொண்டு தபசுகாலம் கொண்டாடிறதெண்டா, அதுக்கு வேலைக்கே போகலாம்" என்றார் அம்மா. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வெள்ளி மாலைகளில் தேவாலயத்தின் கதவு எங்களுக்குத் திறக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இது எனக்கு இன்னொரு வகையில் உறைத்தது. என் வகுப்பில் மன்னார்ப் பையன் ஒருவன், அன்ரன் என்று பெயர், கத்தோலிக்கன். அவர்கள் பங்குக் கோயிலில் வெள்ளி தவறாமல் சிலுவைப்பாதை வழிபாடு நடக்கும். "உங்கட வெள்ளைக்காரக் கோயில்ல தபசுகாலமே இல்லையாமே? அப்ப நீங்கள் பாவமே செய்யிறேல்லையோ, இல்லாட்டி செய்திட்டுச் சும்மா இருக்கிறியளோ?" என்று சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நாள்கள் என் வாழ்வில் அதிகமில்லை. அது அவற்றில் ஒன்று. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. அந்தச் சபையில் தபசுகாலம் உண்மையாகவே இல்லை.

இல்லாமற்போனதற்கு ஒரு கொள்கை இருந்தது. அந்தக் கொள்கைக்கு ஒரு காவலரும் இருந்தார். சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர், மிஸ்டர் மக்கே. ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், உயரமானவர், வாங்கில் இருக்கும்போதும் ரயில் வரும் தண்டவாளத்தைப் பார்ப்பவர்போலத் தூரத்தில் கண்ணை வைத்திருப்பவர். எங்கள் வேண்டுகோள் மூப்பர்களிடம் போனபோது அவர் சொன்னாராம்: மண்டபம் வேண்டுமானால் கொடுக்கலாம், வெப்பமூட்டும் செலவைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் தபசுகாலம் என்ற பெயரில் ஒரு பருவத்தை இந்தச் சபைக்குள் கொண்டுவருவதென்றால் அதை முழுச் சபையும்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆகவே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையோர் கூட்டம் என்று அறிவித்தார்கள். தலைமை, எங்கள் போதகர். நோவா ஸ்கோஷியாவில் பிறந்த இளம் பெண்.

எங்கள் பக்கம் பேச ஒருவர் வேண்டும். பெரியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. ஆனால் தொழிற்சாலையில் கதைக்கும் ஆங்கிலத்தைக் கொண்டு மக்கேயின் முன் எழுந்து நிற்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பைகள் ஏற்றும் ராசன் அண்ணைதான் என்னைச் சுட்டிக்காட்டினார். "உவன் ஃபிரிட்ஜுக்கு மேல கோப்பையளை அடுக்கி வைச்சிருக்கிறான். ஒருக்கால் எங்களுக்கும் உதவட்டும்." எனக்கு வாக்குரிமை வரும் வயது வரவில்லை, ஆனாலும் சபையின் அனுமதியோடு பேசலாம் என்று போதகர் சொன்னார். அந்த வாரம் முழுவதும் நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் முழங்கினேன். கீழ்வீட்டுக்காரருக்காகக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு முழங்கினேன்.

ஞாயிறு வந்தது. மக்கே முதலில் எழுந்தார். பேச்சைச் சுருக்கி, ஆணியடிப்பதுபோல் அடித்தார். "வேதத்தில் இதற்குக் கட்டளை இல்லை. மனந்திரும்புதல் அன்றாட வேலை. நாற்பது நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, மிச்சமுள்ள நாள்களில் மனிதன் தன்னை மன்னித்துக்கொள்வதை என் பாட்டனார்கள் ஏற்கவில்லை. அவர்கள் இந்த வாங்குகளைச் செய்தவர்கள். நானும் ஏற்கவில்லை." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். என் உள்ளங்கை வியர்த்தது. எதிராளி கெட்டிக்காரன் என்று தெரியும்போது வரும் வியர்வை அது. அதைப்போல் இனிமையான ஒன்றை நான் இன்றுவரை அனுபவித்ததில்லை.

நான் எழுந்தேன். கண்ணைக் கடைசி வாங்கில் வைத்தேன். "ஒவ்வொரு நவம்பரிலும் நீங்கள் எல்லாரும் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொள்கிறீர்கள். இந்தச் சபையில் முதலில் குத்துபவர் மிஸ்டர் மக்கே. போரிலிருந்து திரும்பாதவர்களை அந்த நாள்களில் நினைக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். மற்ற மாதங்களில் நீங்கள் அவர்களை மறந்துவிடுகிறீர்களா?" என்று கேட்டு வாயை மூடினேன். ரேடியேட்டர் ஒருமுறை கடகடத்தது. வெள்ளைத் தலைகளில் ஒன்று மெல்ல ஆடியது, பிறகு இன்னொன்று. "நாங்களும் மறப்பதில்லை. ஆனால் சேர்ந்து நினைப்பதற்கு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. நாள் எங்களிடம் இருக்கிறது. இடம் உங்களிடம் இருக்கிறது" என்று முடித்தேன். மக்கே தன் விரல்மூட்டால் முன்வாங்கின் முதுகை இருமுறை தட்டினார். அது கோபம் அல்ல. ஆட்டக்காரன் ஆட்டக்காரனுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கணத்தில் மொன்றியல் தீவு முழுவதும் என் காலடியில் கிடந்தது.

"பிரேரணையை ஆதரிப்போர் கை உயர்த்துக" என்றார் போதகர்.

வெள்ளைத் தலைகளுக்கு மேல் ஆங்காங்கே கைகள் எழுந்தன. நான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ராசன் அண்ணை இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, படம் பிடிக்க உட்கார்ந்தவர்போல் இருந்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாங்குகளில் ஒரு கை, ஒரே ஒரு விரல், எழவில்லை. கை தூக்க உரிமை இல்லாத நான் மட்டும், வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன். "எதிர்ப்போர்?" மக்கேயும் அவரைச் சேர்ந்தவர்களும் தூக்கினார்கள், ஆதரித்த கைகளைவிட ஒன்றிரண்டு அதிகம். பிரேரணை தோற்றது. போதகர் எங்களையும் தன் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்.

வீடு திரும்பும்போது ராசன் அண்ணையின் வான் வண்டிக்குள் நான் வெடித்தேன். "ஏன் ஒருத்தரும் கை தூக்கேல்லை?"

"தம்பி, நீ கதைக்கேக்க எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு" என்றார் ராசன் அண்ணை, கண்ணாடியில் என்னைப் பார்த்து. "அதுக்குப் பிறகு கையும் தூக்கவேணும் எண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

"நான் தூக்கப் பார்த்தனான்" என்றார் அப்பா. "உன்ர அம்மா கோட்டைப் பிடிச்சு இழுத்துப்போட்டா."

அம்மா திரும்பவில்லை. "எங்களுக்கு வேணுமெண்டு கேட்டது நாங்கள். தாறதும் விடுறதும் அவையின்ர விருப்பம். கேட்ட வாயோட, தாறம் எண்டு நாங்களே கையையும் தூக்கிறதோ? பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?"

வாசகரே, நீங்கள் தமிழ் வீட்டில் வளர்ந்தவரானால் இதற்கு மறுமொழி சொல்வது எவ்வளவு கடினம் என்று அறிவீர்கள். பந்தியில் இருப்பவன் தன் இலைக்குத் தானே அள்ளிப் போட மாட்டான். எங்கள் ஆட்கள் அந்த வாங்குகளில் அன்று பந்தியில் இருந்தார்கள். வாக்கு என்பது விருந்தாளிக்கு உரியது அல்ல என்று அவர்களில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே எல்லாரும் ஒரேமாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளி, எங்கள் வீட்டில் கூடினோம். வேறு வழியில்லை. கம்பளங்களை மடித்துத் தரையில் விரித்து, சன்னலோரச் சூட்டுக்குழாய்வரை நெருங்கி இருந்து, அம்மா மூச்சுக்குக் கிட்டத்தட்டச் சமமான குரலில் பாட்டைத் தொடங்க, எல்லாரும் குசுகுசுத்தே பாடினோம். அத்தனை பேர் ஒரே பாட்டை இரகசியம் சொல்வதுபோல் பாடுவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சொல் கேட்காது, ராகத்தின் நிழல் மட்டும் அறைக்குள் நகரும். மூன்றாம் அடியில் கதவு தட்டப்பட்டது. பாட்டு நின்றது. வீட்டுச் சொந்தக்காரர்தான் என்று நினைத்து அப்பா போய்த் திறந்தார்.

வாசலில் மிஸ்டர் மக்கே நின்றார். தொப்பியில் பனி. மூன்று மாடி ஏறிய மூச்சு.

"ஒரு கேள்வி கேட்க வந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "பாட்டு முடியட்டும், காத்திருக்கிறேன்." சப்பாத்தைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவரே குவியலைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். ஒரு கதிரையைக் கொடுத்தோம். பாட்டு மறுபடி தொடங்கியது. சிறிது நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, "ஏன் இப்படி மெல்லப் பாடுகிறீர்கள்? இதுதான் வழக்கமா?" என்றார். நான் தரையை விரலால் சுட்டிக்காட்டி, கீழே ஒருவர் தூங்குகிறார் என்றேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். பாட்டு முடியும்வரை அவர் கண் அங்கிருந்து எடுபடவில்லை.

கஞ்சி வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு உப்பு இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் ஊர்க் கஞ்சிக்கும் உப்புத்தானாம், சீனி போடுபவர்கள் நம்பத்தகாதவர்களாம். நான் இதை மொழிபெயர்த்ததும் அம்மா முதன்முறையாகச் சிரித்தார். "உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கிற மனுசன். இவரோட என்னத்துக்கு எங்களுக்குச் சண்டை?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவர் தன் கேள்வியைக் கேட்டார். "நாற்பது வருடமாக வாக்கெடுப்புகளில் இருந்திருக்கிறேன். வென்றிருக்கிறேன், தோற்றிருக்கிறேன். இப்படி ஒருமுறை வென்றதில்லை. நீங்கள் ஏன் கை தூக்கவில்லை?"

அம்மா சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அலங்காரம் செய்ய நாக்கு துடித்தது. ஆனால் அம்மாவின் வாக்கியங்களுக்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியவில்லை. "இவரைக் கேள், இன்னொருத்தர் வீட்டில சாப்பிடேக்க இவர் எழும்பிச் சட்டியைத் தூக்கித் தனக்குத் தானே போடுவாரோ எண்டு."

மக்கே கரண்டியைக் கீழே வைத்தார். "மாட்டேன். ஆனால் என் சொந்த வீட்டில் போடுவேன். உன் அம்மாவிடம் சொல்: போன வருடம் அவர் பீடத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்த வீடு எனக்கு எவ்வளவு சொந்தமோ அவருக்கும் அவ்வளவு சொந்தம். அவர் கை தூக்காமல் நான் வென்றது வெற்றியே இல்லை."

பிறகு ஒரு விதியைச் சொன்னார். கேட்டதும் என் உடம்பு சிலிர்த்தது. முடிந்துபோன பிரேரணையை மறுபடி எடுக்கும்படி கேட்கும் உரிமை தோற்ற பக்கத்துக்கு இல்லை, வாக்களிக்காதவருக்கும் இல்லை. வென்ற பக்கத்தில் கை தூக்கிய ஒருவர் மட்டுமே கேட்கலாம். "ஆகவே வரும் ஞாயிறு நான் கேட்பேன். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், மறுபடியும் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். தபசுகாலத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை."

"உந்தாள் எந்தப் பக்கம்?" என்று ராசன் அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

அவர் போனபிறகு அப்பா எல்லாரையும் இருத்திக் கை தூக்கும் ஒத்திகை நடத்தினார். வளர்ந்த மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், அந்தச் சிறிய அறைக்குள் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாய், ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. "அண்ணை, உது கை தூக்கிறது இல்லை, பஸ் மறிக்கிறது" என்று ஒருவர் ராசன் அண்ணையைக் கேலி செய்தார். அம்மா மட்டும் அடுப்படியில் நின்று கோப்பைகளைக் கழுவினார். "நான் வாறன். தூக்கிறதைப் பற்றி அங்க போய்ப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார். அம்மா தூக்காவிட்டால் மற்ற ஒருவரும் தூக்க மாட்டார்கள் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு. மக்கே எழுந்து மறுபரிசீலனை கேட்டார், அது ஏற்கப்பட்டது. இந்த முறை என் பேச்சுக்கு இடமில்லை. பிரேரணையை வாசித்தார்கள். "ஆதரிப்போர் கை உயர்த்துக." போன வாரம் எழுந்த கைகள் எழுந்தன. எங்கள் பக்கம் ஒரு கையும் இல்லை. ஒத்திகை பார்த்த கைகள் எல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு மடியில் கிடந்தன. நான் மூச்சை வயிற்றில் நிறுத்தினேன். அம்மாவின் வலக்கை மெல்ல மேலே போயிற்று. காதுவரை போய், கலைந்த மயிரை ஒதுக்குவதுபோல் அங்கேயே நின்றுவிட்டது.

போதகர் தடுமாறினார். "அது... வாக்கா?"

மக்கே எழுந்தார். "தலைவர் அவர்களே, விதிகளில் அரைக் கைக்கு இடமில்லை. ஒன்று அது கை, இல்லையேல் கை இல்லை. அம்மணியிடம் கேளுங்கள்."

சபை சிரித்தது, வெள்ளைத் தலைகளும் கறுப்புத் தலைகளும் சேர்ந்து சிரித்தன. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அம்மா முகம் சிவந்து, முதுகை நிமிர்த்தி, பாட்டைத் தொடங்கும்போது இருப்பதுபோல் இருந்துகொண்டு, கையை முழுவதுமாக உயர்த்தினார். வளையல் முழங்கைவரை சறுக்கிய ஓசை எனக்குக் கேட்டது. அதன்பின் எங்கள் வாங்குகளில் கைகள் எழுந்த விதத்தை நான் எந்த மேடையிலும் வருணித்து முடித்ததில்லை. ராசன் அண்ணை இரண்டு கையையும் தூக்கினார். அப்பா ஒன்றைப் பிடித்து இறக்கினார். "எதிர்ப்போர்?" மக்கேயின் கை கொடிமரம்போல எழுந்தது. அவரோடு போன வாரம் நின்றவர்களில் பலர் இந்த முறை தூக்கவில்லை. பிரேரணை நிறைவேறியது.

அந்த வெள்ளி மாலை தேவாலயத்தில் அம்மா குரலை அடக்காமல் பாடினார். அந்த உயரமான கூரை அதற்காகவே இத்தனை காலம் காத்திருந்ததுபோல வாங்கி, சுற்றி, எங்கள்மேல் திருப்பி ஊற்றியது. ஓர்கன் வாசிக்கும் வெள்ளைக்கார மூதாட்டி எங்கள் ராகத்துக்குச் சுரம் தேடித் தேடித் தோற்று, மூன்றாம் வெள்ளியில் ஒரு சுரத்தை மட்டும் நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கப் பழகி, சுருதிப்பெட்டி வந்துவிட்டது என்று எங்களைக் கைதட்ட வைத்தார். பிரெஸ்பிட்டேரியன்கள் முழங்காலில் நிற்பதில்லை. எங்கள் ஆட்கள் நின்றார்கள். நான்காம் வெள்ளியில் இரண்டு வெள்ளைத் தலைகள் வாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி எங்களோடு நின்றன. வருடக்கணக்காக ஒரே வாங்கில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த இருவர் கஞ்சிக் கோப்பையைக் கைமாற்றிக் கொடுக்கும்போது பேசத் தொடங்கினார்கள். அன்ரன் ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்கும் பாவம் இருக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டான். எங்கள் கீழ்வீட்டுக்காரர், வெள்ளி மாலைகளில் தன் தலைக்கு மேல் அமைதி வந்ததன் காரணத்தை அறிந்து, ஒரு சனி விடியலில் சுடச்சுட ஒரு பாணை எங்கள் கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போயிருந்தார்.

மிஸ்டர் மக்கே? எல்லா வெள்ளியும் எல்லாருக்கும் முன்னால் வந்து விளக்குகளைப் போட்டுவைத்தார். பின்வாங்கில் இருந்தார். தபசுகாலம் அனுசரிக்கவா வந்தீர்கள் என்று போதகர் குறும்பாகக் கேட்டபோது, "இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் வந்தேன்" என்றார். பெரிய வெள்ளியன்று எங்களோடு விரதம் இருந்தார் என்பது, கஞ்சியை இரண்டாம் முறை கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டடம் இன்று தேவாலயம் அல்ல. கல்லுச்சுவரை மட்டும் விட்டுவைத்து உள்ளே வீடுகளாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். மக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரோடு, தோற்கப்போவது தெரிந்தும் நேராக எழும் அந்த ஒற்றைக் கையும் போயிற்று. நாங்கள் இப்போது நகரின் புறப்பகுதியான ரொக்ஸ்பரோவில், கார் நிறுத்த ஏராளமாய் இடமுள்ள ஒரு புதிய மண்டபத்தில் கூடுகிறோம். சென்ற மாதம் அங்கே ஒரு பிரேரணை வந்தது: வேலை, போக்குவரத்து, பிள்ளைகளின் வகுப்புகள் இவற்றை எண்ணி, தபசுகால வெள்ளி மாலைகளை நிறுத்திவிட்டு, ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டைச் சேர்த்துக்கொள்வது. தமக்கு வேண்டியதற்குக் கை தூக்கத் தெரியாதவர்கள் என்று இனி எங்களை யாரும் சொல்ல முடியாது. கைகள் காடாக எழுந்தன. எதிர்த்து எழுந்தது என் கை ஒன்றுதான். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த வெள்ளிகள் யாருக்கு வேண்டுமோ அவருடைய கை, பழையபடி, மடியை விட்டு எழவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் கோப்பிக் கோப்பைகளோடு நின்றபோது நான் ஒரு கதிரையின் மேல் ஏறினேன். ஏறியதும் என்னைத் தெரிந்தவர்கள் நீண்ட சொற்பொழிவு ஒன்றுக்குத் தயாராகிச் சுவரில் சாய்ந்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

"நான் தோத்த பக்கம். இதைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமையில்லை. வென்ற உங்களில ஒராள்தான் கேட்கலாம். அதால, வாற வெள்ளி தொடங்கி, ஒவ்வொரு வெள்ளியும் உங்களில ஒராளின்ர வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். கதவைத் திறவுங்கோ. நான் ஒரு சொல்லும் பேசமாட்டன். அம்மா பாடுவா."